குழாயை எடுக்க எதற்காகக் காத்திருக்கிறோம்?

மாணவர்களே, இதை வாசிக்கும்போதே ஒருமுறை எச்சிலை விழுங்கிப் பாருங்கள். விழுங்கிய நொடியில் மூச்சு நின்றதைக் கவனித்தீர்களா? குரல்வளை மேலெழுந்தது, அதன் மூடி கவிந்தது, குரல் நாண்கள் ஒட்டிக்கொண்டன. எச்சில் நுரையீரல் பக்கம் போகாமல் உணவுக்குழாயில் இறங்கியது. இதை நடத்துவது மூளைத்தண்டு. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் சுரக்கும் எச்சிலை, நாம் நினைக்காமலேயே அது சமாளித்துவிடுகிறது.

சாலை விபத்திலோ பக்கவாதத்திலோ மூளை பாதிக்கப்பட்டால் இந்த ஒழுங்கு குலையலாம். அப்போது கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு, மூச்சுக்குழாய்க்குள் ஒரு சிறு குழாயைப் பொருத்துவார்கள். இதற்கு டிரக்கியாஸ்டமி என்று பெயர். அந்தக் குழாயைச் சுற்றியுள்ள பலூனில் காற்றடைத்தால், மேலிருந்து வழியும் எச்சில் பெருமளவு தடுக்கப்படும். சுவாச இயந்திரத்தையும் அதில் இணைக்கலாம். இது உயிர் காக்கும் ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால், இயந்திரம் தேவைப்படாத பிறகும் குழாய் பல வாரங்கள் கழுத்திலேயே இருப்பதுண்டு. “இருந்தால் பாதுகாப்புதானே, என்ன அவசரம்?” என்று குடும்பத்தார் நினைப்பது இயல்பு. அந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே என் கருத்து.

பலூன் ஊதியிருக்கும்வரை மூச்சுக்காற்று குரல்வளையைத் தொடாமல் கழுத்து வழியே போய்விடுகிறது. அதனால் பேச முடியாது. வாசனையும் சரியாகத் தெரியாது. காற்றுப் படாத தொண்டையில் உணர்வு மங்குகிறது. மீண்டும் விழுங்கப் பழக வேண்டியவருக்கு அதுவே தடையாகிறது. நாளாக ஆக, மூச்சுக்குழாயில் தழும்பு ஏற்பட்டு அது குறுகிவிடவும் கூடும்.

அவசரப்படுவதும் ஆபத்துதான். நன்றாக இரும முடியாதவரின் குழாயை எடுத்துவிட்டால், எச்சில் நுரையீரலில் இறங்கி நிமோனியா வரலாம். சிலருக்கு எச்சில் தவறிப்போனாலும் இருமலே வராது. பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

ஆகவே ஊகம் போதாது, சோதனை வேண்டும். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகர ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. நரம்பியல் பாதிப்புக்குள்ளான 100 நோயாளிகளின் மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தித் தொண்டையைப் பார்த்தார்கள். எச்சில் தேங்குகிறதா, தானாக விழுங்குகிறாரா, இருமல் வருகிறதா எனப் படிப்படியாகச் சோதித்தார்கள். 54 பேருக்குக் குழாய் அகற்றப்பட்டது. கேமரா இல்லாமல் முடிவெடுத்திருந்தால், அவர்களில் பலருக்குக் குழாய் நீடித்திருக்கும்.

பொதுவாக, பலூன் காற்றைச் சிறிது நேரம் இறக்கிப் பார்ப்பதில் பயிற்சி தொடங்கும். அடுத்து, மூச்சை உள்ளே விட்டு வெளியே விடாத ஒருவழி வால்வு. வெளியேறும் காற்று குரல்வளை வழியே போவதால் குரல் திரும்புகிறது. இத்தகைய வால்வு ஒன்றை 1980களில் வடிவமைத்தவர் மருத்துவர் அல்லர்; தசைச் சிதைவு நோயால் முடங்கிக் கிடந்த அமெரிக்க இளைஞர் டேவிட் மியூர். தம் குரலுக்காகவே அவர் அதை யோசித்தார்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இந்நிலையில் இருந்தால், “குழாய் இருக்கட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். “அடுத்த சோதனை எப்போது?” என்று மருத்துவரிடமும் பேச்சு சிகிச்சையாளரிடமும் கேட்கச் சொல்லுங்கள். படுத்திருப்பவரால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. அவருடைய குரல் இன்னும் குழாய்க்கு மேலேதான் காத்திருக்கிறது.