"பசிக்கவில்லை" என்பதன் பொருள் என்ன?

தலைநகர் தில்லியில் கள்ளிக்காடு என்ற ஊரின் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆனால், நெய்யாறு என்றால் பலருக்கும் தெரியும். நெய்யாறு அணை அமைந்திருப்பது திருவனந்தபுரம் மாவட்டத்தின் கள்ளிக்காடு ஊராட்சியில்தான். அந்த அணையிலிருந்து விளவங்கோடு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரைக் கேரளம் 2004-ஆம் ஆண்டு நிறுத்தியது. தமிழக அரசு 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. எல்லைப்புறம் என்றாலே தண்ணீர், பள்ளிக்கூடம், அரசு அலுவலகம் ஆகியவற்றோடு நமது அக்கறை முடிந்துவிடுகிறது. அங்குள்ள மருத்துவரின் மேஜைக்கு முன்னால் அன்றாடம் எழும் ஒரு சிக்கல் எந்த அரசியல் மேடையிலும் பேசப்படுவதில்லை.

1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, கள்ளிக்காடு என நீளும் இந்தப் பகுதியில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. சந்தையிலும் பேருந்திலும் அவர்களுக்கு மொழித் தடை ஏதுமில்லை. ஆனால், வெட்கமும் அச்சமும் கலந்த ஒரு வேதனையை மருத்துவரிடம் சொல்ல நேரும்போது, மனிதருக்குத் தாய்மொழியே கைகொடுக்கிறது. அப்படிச் சொல்ல வேண்டிய நோய்களில் ஒன்று உணவுக் கோளாறு நோய்.

2025 மார்ச் மாதம் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது மாணவி ஒருவர் உயிரிழந்த செய்தி நாடு முழுவதும் வெளியானது. எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் அவர் பல மாதங்கள் உணவைத் தவிர்த்து வந்தார் என்றும், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவரது எடை 24 கிலோ மட்டுமே என்றும், அனோரெக்சியா நெர்வோசா என்னும் நோயாக இருக்கலாம் என மருத்துவர்கள் கருதினர் என்றும் செய்திகள் கூறின. முன்னரே மனநல ஆலோசனை பெறுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்ததாகவும் அவை தெரிவித்தன. சில நாள்கள் இணையக் காணொலிகளைக் குறை கூறிவிட்டு ஊடகங்கள் அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டன. ஒருவர் இந்நிலைக்கு வந்து சேரும்வரை நமது மருத்துவ அமைப்பு எத்தனை இடங்களில் அதைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்ற கேள்வி கேட்கப்படவேயில்லை.

இது மேல்நாட்டு நோய், பணக்காரர் வீட்டுப் பெண்களுக்கு வருவது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மேல்நாட்டு மருத்துவ நூல்களில் அது இடம்பெற்றுப் பல காலமாகிறது என்பது உண்மையே. 1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்லஸ் லசேக் ஆகிய இருவரும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். ஆனால், 1995-இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவன மருத்துவர்கள் 5 இளம் பெண்களின் நிலையைப் பதிவு செய்தனர். உண்ண மறுத்தல், ஓயாத வாந்தி, எடை இழப்பு, மாதவிடாய் நின்றுபோதல் ஆகிய அனைத்தும் அவர்களிடம் காணப்பட்டன. தாங்கள் பருமனாக இருக்கிறோம் என்ற எண்ணம் மட்டும் காணப்படவில்லை. அதனாலேயே நோயை உறுதி செய்வது கடினமாக இருந்தது. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், சென்னையில் 210 மருத்துவ மாணவர்களைப் பரிசோதித்தபோது சுமார் 15 சதவீதத்தினரிடம் இதன் மிதமான வடிவம் தென்பட்டது. நாளைய மருத்துவர்களிடமே அது இருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990-களின் தொடக்கத்தில் 70 நோயாளிகளை ஆராய்ந்தார். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் "பருத்துவிடுவேனோ" என்று அஞ்சவில்லை. "வயிறு உப்புகிறது", "பசியே இல்லை" என்றுதான் சொன்னார்கள். நமது நாட்டுப் பொது மருத்துவர் அன்றாடம் கேட்கும் சொற்கள் இவையே. நோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருவதில்லை. வாயுத் தொல்லையாகவும், தலைசுற்றலாகவும், மலச்சிக்கலாகவும், ரத்தசோகையாகவும், மாதவிடாய்க் கோளாறாகவும் வேடமிட்டே அது வருகிறது.

"பசிக்கவில்லை", "சாப்பிடப் பிடிக்கவில்லை", "சாப்பிடப் பயமாக இருக்கிறது" என்ற மூன்று வாக்கியங்களும் ஒன்றல்ல. முதலாவது காசநோயின் அறிகுறியாக இருக்கலாம். இரண்டாவது மனச்சோர்வின் குரலாக இருக்கலாம். மூன்றாவதோ உணவுக் கோளாறின் வாசல். ஒரு காலைப் பொழுதில் நூறு பேரைப் பார்க்க வேண்டிய மருத்துவரின் சீட்டில் இம்மூன்றும் "பசியின்மை" என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. நோயாளி ஒரு மொழியில் நினைத்து இன்னொரு மொழியில் பேசும்போது இந்த இழப்பு இரட்டிப்பாகிறது. உடன் வரும் தாயோ மாமியோ அவருக்காகப் பேசும்போது உண்மை மேலும் ஒரு படி விலகிப் போகிறது. முடிவில் ஒரு பசி மருந்தும் சத்து டானிக்கும் எழுதித் தரப்படுகின்றன. அனோரெக்சியாவைப் பசி மருந்து குணப்படுத்தாது. காலம் கடத்த மட்டுமே அது உதவும்.

அந்தக் காலக்கழிவின் விலை அதிகம். மனநோய்களில் மிக அதிக உயிரிழப்பை ஏற்படுத்துபவற்றுள் அனோரெக்சியாவும் ஒன்று. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, இந்நோயாளிகளின் இறப்பு விகிதம் அதே வயதினரைவிட ஏறத்தாழ 6 மடங்கு என்றும், இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர் என்றும் கண்டது.

இத்தனைக்கும் இந்நோயை ஐயுறுவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 1999-இல் லண்டன் மருத்துவர்கள் 5 எளிய கேள்விகளை வகுத்தனர். வயிறு சங்கடப்படும் அளவுக்கு நிறைந்ததாகத் தோன்றி நீங்களே வாந்தி எடுப்பதுண்டா? எவ்வளவு உண்கிறோம் என்ற கட்டுப்பாட்டை இழந்துவிட்டதாகக் கவலை உண்டா? கடந்த 3 மாதங்களில் 6 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா? மற்றவர்கள் மெலிந்துவிட்டாய் என்று சொல்லும்போதும் பருமனாக இருப்பதாகத் தோன்றுகிறதா? உணவைப் பற்றிய எண்ணமே வாழ்க்கையை ஆள்கிறதா? இவற்றில் இரண்டுக்கு "ஆம்" என்ற பதில் வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும். ஹாங்காங், தில்லி அனுபவங்கள் நமக்குக் கற்பிப்பது, இவற்றுடன் ஆறாவதாக ஒன்றையும் கேட்க வேண்டும் என்பதே: சாப்பிட உட்கார்ந்தால் உங்களுக்கு என்ன நேர்கிறது? இக்கேள்விகளை உறவினர்களை வெளியே அமரச் செய்துவிட்டுத் தனிமையில் கேட்க வேண்டும்.

கேள்விக்குப் பின் உடலைப் பார்க்க வேண்டும். எடை, உயரம், நாடித்துடிப்பு, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அளக்கலாம். கையை ஊன்றாமல் குந்தியிருந்து எழ முடிகிறதா என்பதை ஒரு நிமிடத்தில் அறியலாம். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்குப் பற்களின் மேற்பூச்சு அரித்திருக்கும். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கியிருக்கும். விரல் முட்டிகளில் தழும்பு இருக்கும். புலிமியா என்னும் வகையில் எடை இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், மெலிந்தவர்களை மட்டும் ஐயுறுவது தவறு. காசநோய், தைராய்டு, நீரிழிவு ஆகியவை இல்லை என்று உறுதி செய்துகொள்வதும் நம் நாட்டில் இன்றியமையாதது.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40-க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ, ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் குறைந்தாலோ நோயாளியை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பதாலேயே ஆபத்தில்லை என்று கருதிவிடக் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று அதிக உணவோ குளுக்கோஸோ செலுத்தினால் பாஸ்பேட் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்து நேரும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் இத்தகைய துயரம் காணப்பட்டது. பரிவோடு ஏற்றப்படும் ஒரு பாட்டில் குளுக்கோஸும் கேடாக முடியலாம் என்பதை ஒவ்வொரு சிற்றூர் மருத்துவமனையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆபத்துக் கட்டத்தில் இல்லாதவர்களைப் பொறுத்தவரை பொது மருத்துவரின் பங்கு இன்னும் பெரியது. வாரந்தோறும் எடை பார்த்தல், குடும்பத்தாரைக் குற்றவாளிகளாக்காமல் சிகிச்சையில் பங்காளிகளாக்குதல், மனநல மருத்துவரிடம் அனுப்பிய பின்னரும் தொடர்பை விடாதிருத்தல் ஆகியவை அவருடைய பணிகள். இளம் வயதினருக்குப் பெற்றோரே முன்னின்று உணவளிக்கும் குடும்பவழிச் சிகிச்சை 1980-களில் லண்டனில் உருவானது. தனிக்குடித்தனத்திலும் உறவுகள் சூழ வாழும் நம் குடும்பங்களுக்கு அது அந்நியமானதல்ல. புலிமியாவுக்கு உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் ஃப்ளுவாக்செட்டின் மருந்தும் பயன் தருகின்றன.

பசியாலும் ஊட்டச்சத்துக் குறைவாலும் வாடும் நாட்டில் இதற்கு முன்னுரிமை தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 18.7 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள். ஆனால், கேரளத்தில் எடை குறைந்தவர்கள் 10.1 சதவீதம், எடை மிகுந்தவர்கள் 38.1 சதவீதம். தமிழகத்தில் இவை முறையே 12.6, 40.4 சதவீதம். எடையைக் குறையுங்கள் என்ற அறிவுரை மருத்துவமனையிலும் பள்ளியிலும் திருமணப் பேச்சிலும் ஓயாமல் ஒலிக்கும் இரு மாநிலங்கள் இவை. அறிவுரை தவறல்ல. அதைக் கேட்டுப் பட்டினி கிடக்கத் தொடங்கும் பெண்ணைக் கண்டுகொள்ள ஏற்பாடு இல்லாததே தவறு. வறுமையால் மெலிந்தவரிடமும் நோயால் மெலிந்தவரிடமும் எடைக்கருவி ஒரே எண்ணைத்தான் காட்டும். வேறுபாட்டைக் காட்டுவது கேள்வி.

மத்திய அரசின் திட்டங்களிலேயே ஓர் இடைவெளி தெரிகிறது. 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின் 6 கூறுகளில் ஊட்டச்சத்து ஒன்று, மனநலம் மற்றொன்று. இந்நோய் இரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஊட்டச்சத்துப் பணியாளர் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். மனநலப் பணியாளர் மனச்சோர்வைத் தேடுகிறார். பொது மருத்துவர்கள் மனநோய்களைக் கையாள்வதற்காக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கையேட்டிலும் உணவுக் கோளாறுகளுக்குத் தனி அத்தியாயம் இல்லை. உலகமே விட்டுவிட்டதை நாமும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மனநலச் சேவை கிடைப்பதை உரிமையாக்கியிருக்கிறது. அதே ஆண்டில் கேரளம் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப நல மையங்களாக மாற்றி, மனச்சோர்வைக் கண்டறியும் பணியையும் அங்கே சேர்த்தது. அந்தப் பணியோடு இந்த 5 கேள்விகளைச் சேர்ப்பதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். புதிய பதவி வேண்டாம்.

எல்லையோர ஊர்களில் அக்கேள்விகள் தமிழிலும் இருக்க வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையல்ல. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-லேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுடன் தொடர்புகொள்ள வழிசெய்திருக்கிறது. மாநிலங்கள் பிரிக்கப்பட்ட அதே 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஆ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர ஓர் அதிகாரியை ஏற்படுத்தியது. மனு எழுதும் உரிமையைப் பற்றிப் பேசும் அறிக்கைகள், மருத்துவரிடம் வலியைச் சொல்லும் உரிமையைப் பற்றியும் பேசட்டும். தமிழகத்துக்கும் இதில் கடமை உண்டு. அச்சிட்ட தமிழ் வினாத்தாளைக் கேரள சுகாதாரத் துறைக்குத் தருவதற்கு நதிநீர் வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எவரும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். ஆனால், அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று நோயாளிக்கு முதலில் சொல்ல வேண்டியவர் உள்ளூர் மருத்துவரே. கள்ளிக்காட்டிலோ பாறசாலையிலோ ஒரு பெண் பிள்ளை மருத்துவர் முன் அமர்ந்து "பசிக்கவில்லை" என்று சொல்லும்போது, மருந்துச் சீட்டை எழுதுமுன் அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியை அரசு ஆணையாகவும் பயிற்சியாகவும் ஆக்குவதே இரு மாநில அரசுகளும் மத்திய அரசும் உடனடியாகச் செய்ய வேண்டிய பணி.