சிறு கூட்டங்களுக்குச் செலவிடுங்கள்

ஆயிரக்கணக்கானோர் திரளும் அறிவியல் மாநாடுகளைவிட, ஒரே சிக்கலுக்காகச் சிலர் மட்டும் கூடும் சந்திப்புகளே பல்கலைக்கழகங்களை எல்லை கடந்து இணைக்கின்றன. 1996 பிப்ரவரியில், மனித மரபணுத் தொகுதியை ஆராய்ந்துவந்த பல நாட்டு அறிஞர்கள் பெர்முடாவில் கூடினார்கள். கண்டறியும் மரபணு வரிசைகளை முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கே திறந்துவிடுவது என்று அங்கே உடன்பட்டார்கள். இதற்கு முன்நின்ற ஜான் சல்ஸ்டனும் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் ஏற்கெனவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்தபடி ஒரு புழுவின் மரபணுத் தொகுதியைப் பகிர்ந்து ஆராய்ந்தவர்கள். அந்த அனுபவம் அவர்கள் பேச்சுக்கு வலுவூட்டியது. காணொளியில் பேசினால் போதாதா என்பார்கள். ஏற்கெனவே நம்பிக்கை உள்ளவர்களுக்குப் போதும். தன் தரவை முதலில் கொடுக்கத் தயங்குபவரை இணங்கவைக்க நேருக்கு நேர் அமர்ந்து வாதாட வேண்டியிருக்கிறது. அழைக்கப்பட்ட சிலரே எல்லோருக்குமாக முடிவெடுக்கிறார்கள் என்ற குறை நியாயமானது. அதற்காகக் கூட்டங்களைக் கைவிட வேண்டாம். வசதி குறைந்த நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்குப் பயணச் செலவு கொடுத்து இடம் ஒதுக்குங்கள்.