பூட்டு யாருக்காக?

1966-ல் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் சேர்ந்து ஒரு கணினியை உருவாக்கின. இரண்டு நிறுவனங்களின் பெயர்ச்சுருக்கத்தையும் ஒட்டி அதற்கு ஐ.எஸ்.ஐ.ஜே.யு-1 என்று பெயர். டிரான்சிஸ்டர்களால் ஆன அந்த இயந்திரத்தை யாரும் தோளில் மாட்டிக்கொண்டு ஓட முடியாது. அறைக்கதவைப் பூட்டினால் போதும். இன்று அதே வளாகத்து ஆய்வு மாணவர் தன் களப்பணி முழுவதையும் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு சியால்தா தெற்கு லோக்கலின் நெரிசலில் நிற்கிறார். ரயிலை விட்டு இறங்கி, 8பி பேருந்து நிலையத்தில் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கிறார். பழைய அறைக்கதவின் இடத்தில் நம்மில் பலர் வைத்திருப்பது விண்டோஸ் கேட்கும் பாஸ்வேர்டு ஒன்றைத்தான். அது கதவல்ல, திரைச்சீலை.

மிகையாகச் சொல்லவில்லை. பல லேப்டாப்களின் அடிப்பக்கத் திருகுகளைக் கழற்றினால் 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சை அட்டை கண்ணில் படும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வட்டு அதுதான். அதைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகை எடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி உறையில் செருகி இன்னொரு கணினியில் மாட்டினால், குறியாக்கம் செய்யாத, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி எழுதாத, கோப்புகள் அத்தனையும் வரிசையாகத் திறக்கும். விண்டோஸ் பாஸ்வேர்டை அங்கே யாரும் கேட்பதில்லை. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸில் வைக்கும் தொடக்க பாஸ்வேர்டு இதைவிட ஒரு படி மேல். பென் டிரைவ் மூலம் வேறு இயங்குதளத்தை ஏற்றிப் பார்ப்பதை அது தடுக்கும். ஆனால் அது காப்பது இயந்திரத்தைத்தான். வட்டு கழன்று வந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு அப்படியல்ல. அது வட்டுக்குள்ளேயே இருப்பதால் வட்டு எங்கே போனாலும் கூடவே போகும்.

அப்படியானால் ஹார்டு டிஸ்க் பாஸ்வேர்டு ஒன்றே போதுமா? அங்கேதான் சிக்கல். பல பழைய வட்டுகளில் இந்தப் பாஸ்வேர்டு வாசலை அடைக்குமே தவிர, உள்ளே இருக்கும் எழுத்துகளை மாற்றாது. வட்டின் மின்பலகையில் வேலை தெரிந்தவர் உள்ளே போய்விடலாம். தானே குறியாக்கம் செய்வதாகச் சொல்லி விற்ற எஸ்எஸ்டிகளை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். பெயர்பெற்ற நிறுவனங்களின் சில வட்டுகளில், உரிமையாளர் கொடுத்த பாஸ்வேர்டுக்கும் குறியாக்கச் சாவிக்கும் தொடர்பே இல்லை. அதுவரை அத்தகைய வட்டுகளை நம்பிக் குறியாக்கப் பொறுப்பை விட்டிருந்த விண்டோஸின் பிட்லாக்கர், அடுத்த ஆண்டு முதல் அதைத் தானே செய்யத் தொடங்கியது. ஆகவே என் கட்சி இது: தொடக்க பாஸ்வேர்டும் வட்டு பாஸ்வேர்டும் இருக்கட்டும், ஆனால் அவற்றுக்கு அடியில் முழு வட்டுக் குறியாக்கம் இருக்க வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர், ஆப்பிளில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ். எதற்கும் தனியாகப் பணம் கட்டி வேறு மென்பொருள் வாங்கத் தேவையில்லை (விண்டோஸின் ஹோம் பதிப்பில் இது பிட்லாக்கர் என்ற பெயரில் இருக்காது, ‘சாதனக் குறியாக்கம்’ என்று தேட வேண்டும்).

“என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?” என்பது வழக்கமான மறுப்பு. கேள்வியே தவறு. ஜாதவ்பூரில் பெண்ணியல் ஆய்வுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறது. இத்தகைய துறைகளில் ஒரு நேர்காணல் பதிவு கைமாறினால் அடி விழுவது ஆய்வாளருக்கு அல்ல. நம்பிப் பேசிய பெண்ணுக்கு. மருத்துவர், கணக்காளர், பள்ளி ஆசிரியர் எல்லோருடைய லேப்டாப்பும் அப்படித்தான்: இயந்திரம் ஒருவருடையது, உள்ளே இருப்பவர்கள் வேறு. 2006 மே மாதம் அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டில் லேப்டாப்பும் வெளி வட்டும் திருட்டுப் போயின. சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள் குறியாக்கம் இல்லாமல் அதில் இருந்தன. அடுத்த மாதமே பொருள் கிடைத்தது. யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். ஆனாலும் 2009-ல் அந்தத் துறை 2 கோடி டாலர் கொடுத்துத் தன்மீதான வழக்கை முடிக்க வேண்டியிருந்தது. குறியாக்கம் செய்திருந்தால் அது ஒரு சாதாரணத் திருட்டு வழக்கு. நம் நாட்டிலும் 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது.

பாஸ்வேர்டு மறந்துபோனால்? இந்தப் பயம் நியாயமானது. திறக்க முடியாத வட்டு, எரிந்துபோன வட்டுக்குச் சமம். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் பீரோவில் வைக்க வேண்டும். லேப்டாப் பையில் அல்ல. இன்னொரு வட்டில் நகலும் வேண்டும், அந்த நகலும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் என்ன என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவின்படி அதிகாரம் பெற்ற அமைப்பு குறியாக்கத்தை நீக்கித் தரச் சொல்லலாம். மறுத்தால் ஏழாண்டு வரை சிறை. இந்தப் பூட்டு திருடனுக்குத்தான். இணையம் வழியே நுழையும் வேவு மென்பொருளையும் இது தடுக்காது, ஏனென்றால் அது வருவது நாமே கதவைத் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில்.

அதே காரணத்தால், திரையை மடித்து லேப்டாப்பைத் தூங்கவைத்துவிட்டு ரயில் ஏறுவதும் ஆபத்து. தூக்கத்தில் குறியாக்கச் சாவி நினைவகத்திலேயே கிடக்கும். அதை அங்கிருந்து எடுக்க முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே செய்து காட்டினார்கள். பையில் போடுமுன் முழுதாக அணைக்க வேண்டும். அடுத்த முறை திறக்கும்போது அரை நிமிடம் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.