வயிற்றுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

குழந்தைக்கு ஜலதோஷம். மூக்கு ஒழுகுகிறது, ராத்திரியெல்லாம் இருமல். அலமாரியைத் திறக்கிறீர்கள். போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரையில் நாலு மிச்சம் இருக்கிறது. "கிருமியைக் கொல்லுகிற மருந்துதானே, கொடுத்துப் பார்ப்போமே!" என்று மனசு சொல்கிறது.

சற்றுப் பொறுங்கள், அம்மா! கிருமிகளெல்லாம் நமக்குச் சத்துருக்கள் அல்ல. வளர்ந்த மனிதர் ஒருவர் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருப்பதாக 2016-ல் இஸ்ரேல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில்தான் இருக்கின்றன. அவற்றுக்கும் நமக்கும் நடுவே உள்ள சுவர் எவ்வளவு கனம் தெரியுமா? ஒரே ஓர் உயிரணுவின் கனம்! அதன்மேல் கோழை போன்ற ஒரு வழுவழுப்பான போர்வை. சுவருக்குப் பின்னால் நோய் எதிர்ப்பு அணுக்கள் என்னும் காவற்காரர்கள்.

இந்தக் காவற்காரர்களுக்கு இரண்டு வேலை. பகைவன் வந்தால் விரட்ட வேண்டும். உண்ணும் சோற்றோடும் குடியிருக்கும் கிருமிகளோடும் வீண் சண்டை போடக் கூடாது. இந்தப் பக்குவத்தை அவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதில் அந்தக் கிருமிகளுக்கே பெரும் பங்கு உண்டு என்பதுதான் வேடிக்கை!

கிருமியே அண்டாத கூண்டில் எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றின் குடலில் காவல் அணுக்கள் கூடும் இடங்கள் சரியாக வளரவில்லை. சாதாரண எலியின் கிருமிகளைக் கொடுத்ததும் அவை வளரத் தொடங்கின. சண்டையை அடக்கி வைக்கும் ஒரு வகைக் காவல் அணுக்களைச் சில கிருமிகள் பெருகச் செய்கின்றன என்று 2011-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் எலிகளிடம் கண்டார்கள். 2013-ல் அதன் ரகசியமும் வெளிப்பட்டது. கீரை, அவரை, பயறு இவற்றில் நமக்கு ஜீரணமாகாத நார் பெருங்குடலுக்குப் போகிறது. கிருமிகள் அதைத் தின்று 'பியூட்டிரிக்' அமிலத்தை உண்டாக்குகின்றன. காவலைச் சாந்தப்படுத்துவது அதுதான். வெண்ணெயிலும் இந்த அமிலம் உண்டு. ஆனால் வெண்ணெய் தின்று பயனில்லை. பெருங்குடலை எட்டுமுன்பே அது ஜீரணமாகிவிடும்!

தாய்ப்பாலின் விந்தையைக் கேளுங்கள். குழந்தையால் ஜீரணிக்க முடியாத சர்க்கரைகள் அதில் நிறைய இருக்கின்றன. அவை வீணல்ல, குழந்தையின் குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்குத் தாய் படைக்கும் விருந்து!

இனி அந்த நாலு மாத்திரைக்கு வருவோம். ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வயிற்றிலுள்ள ஆசிரியர்களான நல்ல கிருமிகளை அது தாக்கும். காலியான இடத்தில் சில சமயம் பொல்லாத கிருமி புகுந்து, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். திரும்பத் திரும்ப அவ்விதம் அவதிப்பட்ட 16 பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து எடுத்த கிருமிகளைக் குடலில் செலுத்தினார்கள் நெதர்லாந்து டாக்டர்கள். முதல் தடவையிலேயே 13 பேர் குணமடைந்ததாக 2013-ல் அறிவித்தார்கள். முகம் சுளிக்காதீர்கள், உயிர் பிழைக்க வழி அது!

ஆன்டிபயாடிக் மருந்தே ஆகாது என்று நான் சொல்லவில்லை. பாக்டீரியாவால் வரும் நோய்க்கு டாக்டர் கொடுத்தால், அது உயிர் காக்கும் மருந்து. அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை கொடுங்கள். மிச்சத்தை மட்டும் அலமாரியில் சேமித்து வைக்க வேண்டாம். சேமிக்க வேண்டியது குழந்தையின் வயிற்றுக்குள் இருக்கிறது. நாளைக்குச் சமையலில் ஒரு கீரையைச் சேர்த்து அதைப் போஷியுங்கள்!