மாலாவிடம் எத்தனை மாம்பழம்?

உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

"கண்ணனிடம் 12 மாம்பழம் இருக்கிறது. அது மாலாவிடம் இருப்பதை விட 4 அதிகம். மாலாவிடம் எத்தனை?"

"பதினாறு!" என்று பட்டென்று பதில் வரலாம். வந்தால் அடிக்காதீர்கள். தப்பு பிள்ளை மீது இல்லை. (சரியான விடை 8.)

"அதிகம்னா கூட்டு, மீதின்னா கழி" என்று யாரோ சொல்லிக் கொடுத்து விட்டார்கள். "அதிகம்" என்ற வார்த்தை கண்ணில் பட்டதும் பையன் பேனாவை எடுத்து விடுகிறான். யாரை விட யாருக்கு அதிகம் என்று பார்ப்பதே இல்லை. கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும். கணக்கைப் படிக்கத்தான் தெரியவில்லை!

கேப்டன் வயசு என்ன?

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. "ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடு, 10 வெள்ளாடு. கேப்டனுக்கு வயசு என்ன?" என்று 1980-ஐ ஒட்டி பிரான்சு நாட்டில் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்த எண்களை வைத்தே கணக்குப் போட்டு வயசு சொல்லி விட்டன. ஆட்டையும் ஆட்டையும் கூட்டினால் 36 வயசு கேப்டன்! 2018-ல் சீனாவிலும் ஒரு பரீட்சையில் இதே கேள்வி வந்து பெரிய ரகளை ஆனது.

டீக்கடைக் கணக்கு

அல்ஜிப்ரா என்றாலே பத்தாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்குகிறது. எதற்கு?

3 டீ, 2 வடை. பில் 65 ரூபாய். டீயை விட வடை 5 ரூபாய் குறைவு. டீ என்ன விலை?

டீக்கடை மாஸ்டர் எப்படிப் போடுவார்? "வடைக்கும் டீ விலையே வச்சுக்குவோம். ரெண்டு வடைக்கு 10 ரூபாய் கூடும். 75 ரூபாய்க்கு அஞ்சு டீ. ஒரு டீ 15. வடை 10." முடிந்தது! திரும்பச் சரி பாருங்கள். டீ 45, வடை 20, மொத்தம் 65.

டீ விலையை எக்ஸ் என்று வைத்து நோட்டில் எழுதினாலும் இதே படிகள்தான். 5 எக்ஸில் 10 போனால் 65. ஆகவே 5 எக்ஸ் 75. படிப்படியாக எழுதினால் பொதுத்தேர்வில் கடைசி விடை தவறினாலும் படிகளுக்கு மார்க் உண்டு. பல பிள்ளைகள் விடையை மட்டும் எழுதி விட்டு அதையும் கோட்டை விடுகிறார்கள்.

தண்டல்

மார்க் போனால் போகட்டும். காசு போகிறதே!

காய்கறி விற்கும் ஓர் அம்மா தண்டல் வாங்குகிறார். பெயருக்கு 10 ஆயிரம். கையில் தருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "1,500 ரூபாய்தானே சார், 100 நாளைக்கு" என்கிறார்.

ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கைக்கு வந்தது 8,500. அந்த 8,500-ம் 100 நாளும் அவரிடம் இருந்ததா? இல்லை! மறுநாளே 100 திரும்பிப் போனது. 50-ம் நாள் 5 ஆயிரம் கட்டியாகி விட்டது. சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் நின்ற கடன் சுமார் 4 ஆயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 100 நாளில் வட்டி 1,500! வருஷத்துக்குப் போட்டால் நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. பேங்கில் நகைக் கடன் இதில் கால் பங்கு கூட இல்லை.

அந்த அம்மாவின் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வட்டிக் கணக்கு நோட்டு முழுக்கப் போட்டிருக்கிறாள். அம்மாவின் தண்டல் அட்டையை அவளிடம் இதுவரை யாரும் காட்டவில்லை.