உபயம்: டேனரி உப்பு

எங்கள் ஆம்பூரில் உப்புக்குப் பஞ்சமே கிடையாது, சார். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவித்தான் டேனரிக்கு அனுப்புவார்கள். அங்கே முதல் வேலை அதை ஊறவைத்து அலசுவது. அலசின உப்பு வருஷக்கணக்காகப் பாலாற்றில் இறங்கி, எங்கள் கிணற்றுக்கும் விஜயம்! கொல்லையில் வைத்த கொய்யாக்கன்று இலை ஓரம் கருகியே செத்தது. 'மாசுபடுத்தினவனே காசு கொடு' என்று சுப்ரீம் கோர்ட் 1996-லேயே வேலூர் வழக்கில் சொல்லிவிட்டது. கிணறுதான் இன்னும் தீர்ப்பைப் படிக்கவில்லை.

போன ஞாயிறு குடும்பத்தோடு ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவிலும் பையன் வாந்தி. திரும்பும் வழியில் வாங்கின மாங்காயை, தோலுக்குப் போடுகிற மாதிரியே உப்புப் போட்டு ஜாடியில் அடைத்தாள் மனைவி.

"ஏம்மா, கல்லுப்பு எதுக்கு? கிணத்துத் தண்ணியே போதுமே!"

அவள் சிரிக்கவில்லை. "மாடியில தக்காளி பூ விட்டிருக்கு. டிரம்முல மழைத்தண்ணி ஒரு ஜாண்தான் மிச்சம். அதுக்கு வழி சொல்லுங்க."

நான் குடிதண்ணி கேனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.