தவறணைக்கு வழி தெரியும், மீட்சிக்கு?

பத்திரிகைத் தொழிலில் கழிந்த முப்பது ஆண்டுகளில் சக ஊழியர் பலருக்கு அஞ்சலிக் குறிப்பு எழுதியிருக்கிறேன். அவர்களுள் நால்வரையாவது குடியே கொண்டுபோயிற்று. நால்வருக்கும் நான் எழுதியது 'திடீர் சுகவீனம்' என்ற இரண்டு சொற்களைத்தான். குடும்பத்தின் மானத்தைக் காப்பதாக எண்ணினேன். ஐந்தாமவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கையை மறைத்தேன் என்பதே உண்மை.

அந்த ஐந்தாமவர் ஒரு மாலை என் மேசைக்கு வந்து, "அண்ணை, இதை விடவேணும். எங்கை போறது?" என்று கேட்டார். நகரின் மதுச்சாலைகள் அனைத்தும் எனக்கு மனப்பாடம். அவருடைய கேள்விக்கு மட்டும் விடை தெரியவில்லை. பல நாள் விசாரித்த பின்னரே கொழும்பில் ஒரு கூட்டத்தின் இடமும் நேரமும் கிடைத்தன. வெளியாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்பதால் நானும் உடன் சென்றேன்.

சில கதிரைகள், வெறும் தேநீர், பத்துப் பன்னிரண்டு மனிதர். கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. ஒருவர் பேச மற்றவர்கள் கேட்டனர். எவரும் எவருக்கும் புத்தி சொல்லவில்லை. என் நண்பர் அன்று வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் என்னை அழைக்காமலே போனார்.

இந்த இயக்கம் பிறந்த கதையே வழி தேடிய கதைதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில், வியாபார முயற்சி தோற்று ஒரு ஹோட்டலின் முன்கூடத்தில் நின்றார் பில் வில்சன். அவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு புறம் மதுச்சாலை அழைத்தது. மறுபுறம் தொலைபேசி இருந்தது. அவர் தேவாலயங்களுக்குத் தொலைபேசி எடுத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவரே டொக்டர் பொப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த நாளெனக் கருதப்படும் 1935 ஜூன் 10 ஆம் திகதியையே அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. விழுந்தவன் விழுந்தவனுக்குக் கைகொடுத்தால் இருவரும் எழலாம் என்பதே அதன் சாரம்.

நமது சமூகமோ கைகொடுப்பதை விட்டுவிட்டு உபதேசம் செய்கிறது. திருக்குறளின் 93 ஆம் அதிகாரம் 'கள்ளுண்ணாமை'. அதன் பத்துக் குறள்களையும் நாம் பள்ளியில் ஒப்புவித்தோம். அடுத்த வீட்டுக்காரனுக்கு ஒரு முகவரி சொல்ல மட்டும் கற்கவில்லை. அரசு 2006 இல் 27 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து மது விளம்பரத்தைத் தடைசெய்தது. 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடுத்தது. போயா தினத்தில் கடைகள் பூட்டப்படுகின்றன. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் போயாவுக்கு மறுநாள் காலையில் கை நடுங்கும் மனிதனுக்கு இவற்றில் என்ன இருக்கிறது?

'மன உறுதி இருந்தால் விடலாம்' என்பார்கள். நீரிழிவுக்காரனிடம் எவரும் இப்படிச் சொல்வதில்லை. 'அது கிறிஸ்தவர்களின் காரியம்' என்பார்கள். அதன் வேர் ஒரு கிறிஸ்தவ இயக்கத்தில் இருந்தது உண்மை. ஆனால் அது பேசுவது அவரவர் விளங்கிக்கொண்ட இறைவனைப் பற்றி. உறுப்பினராவதற்குக் கேட்கும் ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். 'பயன் உண்டா?' என்பார்கள். 2020 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளோடு, தொகுத்துப் பார்த்தது. இக்கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை, முற்றாகக் குடிக்காதிருக்கச் செய்வதில் ஏனைய முறைகளை விஞ்சியதாக அது கண்டது.

கூட்டம் வைத்தியத்துக்கு மாற்றீடு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பல காலம் நாளாந்தம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் புத்திமாறாட்டமும் வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். முதலில் வைத்தியசாலை, பின்னர் கூட்டம். மனைவி மக்களுக்கும் துணை வேண்டும். வில்சனின் மனைவி லோயிஸ் 1951 இல் அல்-அனொன் அமைப்பைத் தொடங்கியது அதற்காகவே.

ஊர் முழுவதும் ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் பெயர் மறைப்பது எப்படி என்று கேட்பவர்கள் உளர். ஐயா, அவன் குடிப்பது ஊருக்குத் தெரியும். ஒழுங்கையில் விழுந்து கிடந்ததும் தெரியும். விட முயல்வது தெரிவதில் மட்டும் என்ன வெட்கம்?

கோயில் தர்மகர்த்தாக்களிடமும், சனசமூக நிலையத்தாரிடமும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஆண்டுக்கொரு இராப்போசன விருந்து வைத்து மதுவும் பரிமாறும் பழைய மாணவர் சங்கத்தாரிடமும் நான் கேட்பது பணமல்ல. வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணித்தியாலம், ஓர் அறை. அதற்கும் அவர்கள் சிறு வாடகை தருவார்கள். தம் செலவைத் தாமே ஏற்பது அவர்களின் மரபு. கதவில் நேரத்தைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள், போதும்.

பத்திரிகையாளர்களுக்கும் ஒன்று: அந்த நேரத்தையும் இடத்தையும் நம் பத்திரிகைகளில் இரண்டு வரியில் போடுவோம். மரண அறிவித்தலுக்கு ஒதுக்கும் இடத்தைவிட அதற்குக் குறைவாகவே தேவைப்படும்.